காயாவுக்குப் பக்கத்தில் இருந்த போத்தல்

எனக்கு என்ன நோய் வந்தது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியைப் பற்றித்தான் சொல்வேன். கதவைத் திறந்தால் மேல்தட்டில் வெண்ணெய். அதற்குப் பக்கத்தில் ரொட்டியில் பூசுகிற காயா, தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய ஜாம். அதற்கும் பக்கத்தில் மஞ்சள் மூடி போட்ட ஒரு போத்தல். உள்ளே மாஜுன்: கறுப்பாக, பாகு மாதிரி, தேனும் ஏலக்காயும் கலந்த வாசத்தோடு. காலையில் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி. மாத்திரைகள் இருக்கும் அலமாரி வேறு. அங்கே இந்தப் போத்தல் ஒருநாளும் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் அது மருந்து இல்லை, சாப்பாடு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் பெயர் ஷாமினி. சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், மாசாயில் ஒரு மாடி வரிசை வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு பாசிர் கூடாங்கில், எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் வேலை. நான் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவம் படிக்கிறேன், கடைசி ஆண்டு. போன வருஷ நடுவில் ஒரு காலை, மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. சூடான தண்ணீரில் கையை வைத்துக்கொண்டிருந்தால் மதியத்துக்குள் சரியாகும், மறுநாள் காலை திரும்பவும் அதே கதை. பிறகு மணிக்கட்டு, பிறகு இரண்டு முழங்காலும். கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு நிபுணரைப் பார்க்கக் கடிதமும் கொடுத்தார்கள். நாள் கிடைத்தது, ஆனால் பல மாதம் தள்ளி.

அந்த இடைவெளியில் இரண்டு காரியம் நடந்தது. எனக்கு வலி போனால் தைப்பூசத்துக்கு என்னைப் பால்குடம் எடுக்கவைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். ராணி சித்தி மாஜுன் வாங்கி வந்தார்.

சித்தி அம்மாவின் தங்கை. பெர்மாஸ் ஜெயாவில் தனியாக ஒரு பிளாட்டில் இருக்கிறார். தினமும் எல்லையைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு சலவை ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். பாலத்து வரிசையில் நின்று நின்றே முட்டி தேய்ந்துபோச்சு என்பார். கூட வேலை செய்யும் ஒருத்தர் மூலம் அவருக்கு இந்த மாஜுன் கிடைத்து, இரண்டு வருஷமாக விடாமல் சாப்பிட்டு வந்தார். 'சாப்பிட்டுப் பாரு லா, மூலிகைதான்' என்றார். சாப்பிட்டேன். ஒரே வாரத்தில் மாடிப்படியில் ஓடினேன்.

நான் படித்தவள்தான். மாதக்கணக்கில் மடங்காத விரலை ஒரு மூலிகைப் பாகு ஒரு வாரத்தில் மடக்கினால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் வலி இல்லாத உடம்பு கேள்வி கேட்பதில்லை. முகம் உருண்டு வந்தது. சதை போட்டிருக்கிறேன் என்று எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு கல்யாண வீட்டுப் படத்தில் எனக்கும் சித்திக்கும் அச்சு அசலாக ஒரே கன்னம். குடும்பக் கன்னம் என்று கேலி செய்தார்கள். தொடையில், கையில் நீலம் பாய்ந்ததற்கு மோட்டார் சைக்கிள்மேல் பழி போட்டேன். நிபுணரைப் பார்க்கும் நாள் வந்தபோது வலியே இல்லாமல் எதற்கு நாள் முழுக்க உட்கார வேண்டும் என்று போகாமல் விட்டுவிட்டேன்.

அம்மாவின் வேண்டுதல் பலித்துவிட்டது. பூசத்துக்கு விரதம் தொடங்கினோம். கறி, மீன், முட்டை எல்லாம் நின்றது. மாஜுனில் முட்டை சேர்ப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும், அம்மா அந்தப் போத்தலையும் ஐஸ்பெட்டியின் பின்பக்கம் தள்ளி வைத்தார். பூசம் முடிந்து சாப்பிடலாம் என்றார்.

முதல் சில நாள் வெறும் அசதி, விரத அசதி என்று நினைத்தோம். அப்புறம் மூட்டு வலி திரும்பியது. அப்புறம் காய்ச்சல், வாந்தி. ஒரு காலை சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஏதோ சொல்ல வந்தேன். சொல்ல வந்தது வாயில் இருக்கும்போதே தரை என் கன்னத்தில் இருந்தது.

அவசரப் பிரிவில் என்னைச் சுற்றி எல்லாரும் வேகமாக இருந்தார்கள், நான் மட்டும் மெதுவாக இருந்தேன். ரத்த அழுத்தம் மிகக் குறைவு. உப்பு குறைவு, சர்க்கரையும் குறைவு. இரண்டு கையிலும் ஊசி ஏற்றி உப்புத் தண்ணீர் விட்டார்கள். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்கள். ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா? இல்லை. ஜாமு, அதாவது மலாய் நாட்டு மருந்து ஏதாவது? அம்மா பலமாகத் தலையாட்டி இல்லை என்றார். ஜாமு என்றால் எங்கள் வீட்டில் கசக்கும் பொடி, அல்லது பாட்டிலில் வரும் மண்கலர் தண்ணீர். நானும் இல்லை என்றேன். பொய் சொல்கிறோம் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

கிருமித் தொற்று என்று நினைத்து அதற்கான மருந்தை ஆரம்பித்து வார்டுக்கு அனுப்பினார்கள். ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஒரு சீன ஆன்ட்டி, பேசாமலே தன் போன் சார்ஜரை என் பக்கம் நீட்டுவார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து என் கட்டை விரலை மட்டும் பிடித்துக்கொள்வார். மற்ற விரல்கள் வீங்கியிருந்தன. தண்ணீர் ஏறும்போது அழுத்தம் கொஞ்சம் ஏறும், குறைத்தால் இறங்கும். கிருமி எதுவும் பிடிபடவில்லை. பயம் என்பது அப்போதுதான் வந்தது. வலிக்கு ஒரு இடம் இருக்கிறது. இதற்கு இடமே இல்லை. உடம்பு முழுக்க யாரோ மெதுவாக விளக்கை அணைத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

வார்டு டாக்டர் நடியா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். மறுநாள் காலை என் முகத்தையும் நீலம் பாய்ந்த இடங்களையும் ரொம்ப நேரம் பார்த்தார். கார்டிசோல் என்ற ஹார்மோனுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு அம்மாவிடம் மலாயில், சமீபத்தில் வீட்டில் ஏதாவது மாறியதா என்று கேட்டார். விரதம் இருக்கிறோம், வேறொன்றும் இல்லை என்றார் அம்மா. விரதத்தில் எதையெல்லாம் நிறுத்துவீர்கள் என்று டாக்டர் கேட்டார். இதற்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே அம்மாவுக்குப் பதில் தெரியும். கோழி, ஆடு, மீன், கருவாடு, முட்டை, முட்டை போட்ட கேக், காயா, மாஜுன்.

டாக்டரின் பேனா நின்றது. காயாவுக்கு அடுத்து என்ன சொன்னீர்கள் என்றார்.

அன்று மதியமே அப்பா அந்தப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அதைச் சோதனைக்கு அனுப்ப எடுத்துக்கொண்டார்கள். முடிவுக்காக டாக்டர் நடியா காத்திருக்கவில்லை. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஊசி. நம் உடம்பே செய்யும் ஹார்மோனின் அதே வடிவம் அது. கொஞ்ச நேரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சாயங்காலம் அம்மாவிடம் ரொட்டி சானாய் கேட்டேன். அம்மா அழுதுவிட்டார். கார்டிசோல் முடிவு வந்தது: அளக்கவே முடியாத அளவுக்குக் குறைவு. மாஜுன் முடிவு பிறகு வந்தது: ஸ்டீராய்டு. மூட்டு நிபுணரும் வந்து பார்த்துவிட்டு ருமட்டாய்டு என்றார். நம் உடம்பின் காவல் படையே நம் மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற முடக்குவாதம்.

நிபுணர் வந்து போன மறுநாள் அப்பா ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்தார். அவருக்குக் காரணம் வேண்டும். இயந்திரத்தில் கோளாறு என்றால் எந்தப் பகுதி என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது. எனக்கோ, சொல்லாமல் இருக்க முடியாது. செல்கள் செய்தி பேசிக்கொள்ளும் இந்தப் பாடத்தில்தான் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். அது என் முழங்காலுக்குள் நடக்கிறது என்பதில் கொஞ்சம் குஷியும் இருந்தது, சொன்னால் அம்மா அடிப்பார்.

அப்பாவின் ஆலையிலிருந்து தொடங்கினேன். தொட்டி அதிகம் சூடானால் வெளியே இருக்கும் கருவி உணரும், கம்பி வழியாகச் செய்தி கட்டுப்பாட்டு அறைக்குப் போகும், அங்கே இருப்பவர் எந்த வால்வைத் திறப்பது என்று புத்தகத்தைப் புரட்டுவார். செல்லும் அப்படித்தான். அதன் மேல்தோலில் செய்தி வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. எங்கோ காயம், எங்கோ கிருமி என்றால் மற்ற செல்கள் டி.என்.எஃப். என்று ஒரு புரதத்தை ரத்தத்திலும் திசுவிலும் விடும். அது வந்து ஏற்பியில் உட்கார்ந்ததும் உள்ளே செய்தி கைமாறிக் கைமாறிப் போகும். அங்கே என்.எஃப். கப்பா பி என்று ஒருவன் இருக்கிறான். சாதாரண நேரத்தில் ஒரு காவல் புரதம் அவனைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். செய்தி வந்ததும் அந்தக் காவலின் முதுகில் ஒரு சின்ன அடையாளம் ஒட்டப்படும். அடையாளம் ஒட்டினால் செல்லே அதைத் துண்டுதுண்டாக்கிவிடும். அவன் விடுதலையாகி நேரே உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.மேல் உட்காருவான்.

எல்லாச் செல்லிலும் ஒரே புத்தகம்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் இப்போது திறந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம். மரபணு வெளிப்பாடு என்று பாடத்தில் எழுதுவது இதைத்தான். அவன் திறக்கும் பக்கங்கள் நூற்றுக்கணக்கில்: ரத்தக் குழாயை விரி, வெள்ளை அணுக்களைக் கூப்பிடு, வலி உண்டாக்கும் பொருளைச் செய். வீக்கம், சூடு, சிவப்பு, வலி எல்லாம் அதிலிருந்து வருகிறது. அழற்சி என்பது இதுதான். கூடவே இன்னும் டி.என்.எஃப். செய் என்ற பக்கத்தையும் திறப்பான்.

"அப்போ ஒரு அபாய மணியே இன்னொரு மணிய அடிக்குது," என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"நிறுத்துறது யாரு?"

அப்பா அந்தக் கேள்விக்கு வருவார் என்று காத்திருந்தேன். நிறுத்துவதும் அவனேதான். முதலில் திறக்கும் பக்கங்களில் ஒன்று, தன்னைக் கட்டி வைத்திருந்த அதே காவலைப் புதிதாகச் செய்யச் சொல்லும் பக்கம். புதுக் காவல் பிறந்து, உள்ளே போய் அவனைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடும். மணி அடிக்கும்போதே அதை நிறுத்தும் ஆளையும் வரவழைக்கிறது.

 தங்கள் ஆலையில் அப்படி ஒன்று இருந்தால் எத்தனை பேருக்கு ஓவர்டைம் மிச்சம் என்றார் அப்பா.

என் மூட்டில் காவல் பிறக்காமல் இல்லை. பிறந்த வேகத்தில் அடுத்த செய்தி வந்துவிடுகிறது. மூட்டின் உள்தோல் டி.என்.எஃப். விட்டுக்கொண்டே இருக்கிறது, மணி ஓய்வதில்லை. சி.ஆர்.பி. என்று ஒரு புரதத்தின் அளவைத் தினமும் என் ரத்தத்தில் பார்த்தார்களே, அதுவும் இதே கதைதான். மூட்டிலிருந்து கிளம்பும் இன்டர்லூகின்-6 என்ற தூது ரத்தத்தில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே வேறு ஒரு வழியாக, ஜாக், ஸ்டாட் என்று பெயர் கொண்ட புரதங்களின் கைமாற்றில், சி.ஆர்.பி. பக்கம் திறக்கிறது. முழங்காலில் கத்தியது கல்லீரலில் கேட்டிருக்கிறது. அந்த எண் அதற்கான சாட்சி.

இப்போது மாஜுன். ஸ்டீராய்டு செல்லின் கதவைத் தட்டுவதில்லை, தோலைக் கடந்து நேரே உள்ளே போகும். தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போய், டி.என்.ஏ.மேல் உட்கார்ந்திருக்கும் அவனை வேலை செய்யவிடாமல் தடுக்கும். சில செல்களில் காவல் புரதத்தைக் கூடுதலாகவும் செய்யச் சொல்லும். அதனால்தான் ஒரே வாரத்தில் மாடிப்படியில் ஓடினேன். டாக்டர்களும் இதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அளவு தெரிந்து, குறைத்துக் குறைத்து. போத்தலில் அளவு இல்லை.

"அது சரி," என்றார் அப்பா. "வலி திரும்ப வந்துச்சு, புரியுது. மயங்கி விழுந்தது ஏன்?"

நம் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பி ஒவ்வொரு காலையும் கார்டிசோலை, அதாவது உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் செய்கிறது. ரத்த அழுத்தம், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது அதுதான். செய் என்று உத்தரவு மூளையடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து வரும். வெளியிலிருந்து கரண்டி கரண்டியாக வந்துகொண்டிருந்தால், சரக்குதான் இருக்கிறதே என்று அது உத்தரவு எழுதும் மரபணுப் பக்கத்தை மூடிவிடும். உத்தரவு வராத அட்ரீனல் சுருங்கித் தூங்கிவிடும். விரதத்தில் கரண்டியை நிறுத்தினோம். தூங்குகிறவனை யாரும் எழுப்பவில்லை. அந்த நேரம் பார்த்துக் காய்ச்சலும் வந்தது.

அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அப்புறம் திரும்பாமலே கேட்டார்.

"ராணி எவ்வளவு நாளா சாப்பிடுது?"

எனக்கு அது தோன்றவே இல்லை. பாடம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு, ஸ்டீராய்டால் உருண்ட அந்தக் குடும்பக் கன்னத்தை மறுபடி நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை.

சித்தி அன்று சாயங்காலமே வந்தார், இடியப்பமும் தேங்காய்ப் பாலும் எடுத்துக்கொண்டு. அம்மா தட்டை வாங்கவில்லை. உன் மாஜுன்தான் இவளைப் படுக்கவைத்தது என்று, குரலை உயர்த்தாமல், ஒரு தடவை சொன்னார். சித்தி தட்டை நீட்டியபடியே கேட்டார்.

"நான் என்ன விஷமாக்கா கொடுத்தேன்? நானும்தானே சாப்பிடறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "இன்னைக்கே போயி மிச்சம் இருக்கறத லோங்காங்ல ஊத்திடறேன். போதுமா?"

வீட்டு வாசலில் ஓடும் சாக்கடை கண்முன் வந்தது. சொட்டு மருந்துக் குழாய் இழுக்க எழுந்து உட்கார்ந்தேன்.

"ஊத்தாதீங்க சித்தி. நீங்களா நிறுத்தக்கூடாது."

அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். சித்திக்கு முகம் மாறியது. அவசரத்தில் நான் சுரப்பி, உத்தரவு, மரபணு என்று அடுக்கினேன். அப்பாவிடம் அழகாக வந்த எல்லாம் சித்தியிடம் கூழாக வந்தது. விஷம் என்கிறீர்கள், சாப்பிடு என்கிறீர்கள், என்னையும் படுக்கவைத்துப் பார்க்க ஆசையா என்றார். இடியப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் நடியாவிடம் சொன்னேன். அவர் முகம் இறுகியது. சித்தி தானாக நிறுத்தக்கூடாது, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அவசரப் பிரிவுக்கு அழைத்துவாருங்கள் என்றார். போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுநாள் வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் அடித்தேன். அதற்கும் மறுநாள் ஒரே ஒரு குறுஞ்செய்தி வந்தது: ஊத்திட்டேன், உங்கம்மா மனசு ஆறட்டும்.

அன்று பூசம். அம்மா கோயிலுக்குப் போகவில்லை. என் கட்டிலருகே உட்கார்ந்து அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். முருகன் எங்கேயும் போய்விட மாட்டார், ராணியைப் பாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னது அவர்தான்.

அப்பா பெர்மாஸ் ஜெயா பிளாட்டுக்குப் போனபோது சித்தி சோபாவில் படுத்திருந்தாராம். தலை சுற்றல், வாந்தி வருகிற மாதிரி. பூசத்துக்கு லீவு எடுத்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகாவிட்டால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார், அதனால் தூங்கி எழுந்து போய்விடுவேன் என்றாராம். அப்பா அதிகம் பேசுகிறவரில்லை. சித்தியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே அபூர்வம். அன்று அவர் சொன்னதைச் சித்தி பிறகு எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"ராணி, உன் உடம்புல ஷிஃப்ட் ஆளு ரெண்டு வருஷமா தூங்கறான். நீ டெம்பரரி ஆள இப்போ வீட்டுக்கு அனுப்பிட்ட. இன்னைக்கு மெஷின யாரு பாப்பா?"

சித்தி எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குச் சேலையா சுடிதாரா என்று கேட்டாராம்.

நான் விழுந்து வந்த அதே அவசரப் பிரிவுக்குள் சித்தி நடந்து வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான், ஆனால் நடந்து. அழுத்தம் இறங்கத் தொடங்கியிருந்தது, விழவில்லை. அங்கே இருந்த இளம் டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா? சித்தி கைப்பையிலிருந்து மஞ்சள் மூடி போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். பளபளவென்று இருந்தது. ஊறுகாய் போட்டு வைக்கலாம் என்று சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். சோதனைக்கு ஒரு துளிகூட இல்லை. பரவாயில்லை, எங்கள் போத்தல் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது என்றார்கள். அதே ஊசி. என் வார்டிலேயே இரண்டு கட்டில் தள்ளி இடம் கிடைத்தது. சாயங்காலம் அம்மா ஒரே தூக்குச் சட்டியிலிருந்து எங்கள் இருவருக்கும் கஞ்சி ஊற்றினார். முதலில் சித்திக்கு.

இப்போது வாரம் ஒருமுறை மூட்டுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் சாப்பிட்டுவிடக்கூடாது என்பதால் அம்மா அதை நாட்காட்டிப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். என் சுரப்பி விழித்துவிட்டது என்று போன பரிசோதனையில் தெரிந்தது. சித்தியுடையது இன்னும் முழுதாக விழிக்கவில்லை. தினமும் காலையில் பாலத்து வரிசையில் நின்றபடி, மாத்திரை போட்டாச்சு லா, என்று எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவார். சலவை ஆலையில் அதே மாஜுனைச் சாப்பிட்டு வந்த சிலரை அவரே ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். ஊற்றாதே, கழுவாதே, போத்தலோடு வா என்பது அவர் பாடம். நான் இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

போன வாரம் சித்தி பல் பிடுங்கப் போனார், துணைக்கு நான். பல் டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா ஆன்ட்டி, என்று கேட்டார். சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டீராய்டு மாத்திரை, அதன் அளவு, ஏன், எப்போதிலிருந்து என்று தொடங்கினார். காலையில் சாப்பிட்ட கால்சியம், முந்தாநாள் தடவிய தைலம், சளிக்குக் குடித்த இஞ்சித் தண்ணி என்று போனார். பல் டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததா என்று நான் பார்த்தேன். சித்தி கொஞ்சம் யோசித்தார்.

"அப்புறம் ரொட்டிக்குக் காயா," என்றார்.